ஒருமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது

எங்கள் சபையின் ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்பேட்டில் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: “வரவு செலவுக் கணக்கு ஒருமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.” அன்று செயலாளர் வர இயலாததால், பொருளாளராக இருந்த நானே குறிப்பும் எழுதினேன். அந்த வரியில் பொய் இல்லை. எல்லோரும் கையுயர்த்தித்தான் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் ஏற்றுக்கொண்ட கணக்கில் ஒரு பொய் இருந்தது. அது எனக்கும், கமிட்டியில் இருந்த வேறு நான்கு பேருக்கும் தெரிந்திருந்தது.

நடந்தது பெரிய மோசடி ஒன்றும் அல்ல. ஆராதனைக் கூடத்தின் கூரையைப் புதுப்பிப்பதற்கென்று குறித்துக் கொடுக்கப்பட்ட காணிக்கையில் ஒரு பகுதியை எடுத்து, மாதக்கணக்கில் சேர்ந்துவிட்ட வாடகைப் பாக்கியைக் கட்டினோம். யாருடைய பைக்கும் ஒரு காசுகூடப் போகவில்லை. கட்டாமல் விட்டிருந்தால் கூடுவதற்கே இடமிருந்திருக்காது என்பதும் உண்மை. ஆனால் இதைப் பொதுக்கூட்டத்தில் சொன்னால் கேள்விகள் எழும், ஏற்கெனவே ஒருவரோடொருவர் முகங்கொடுத்துப் பேசாத இரண்டு குடும்பங்கள் இதையே காரணமாக வைத்துப் பிரியும் என்று பயந்தோம். “சபையின் ஐக்கியத்துக்காக இதை இப்போது வெளியே சொல்ல வேண்டாம்” என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் ஒன்றும் பேசவில்லை. நான் வீட்டுக்கு வந்து, அந்தத் தொகையைப் “பராமரிப்பு” என்ற தலைப்பின் கீழ் முதலில் பென்சிலால் எழுதினேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதன் மேலேயே பேனாவால் எழுதினேன். இன்றும் அந்தப் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தால் மைக்கு அடியில் பென்சில் கோடு தெரிகிறது.

அப்போஸ்தலருடைய நடபடிகளில் நான்காம் அதிகாரத்தின் முடிவையும் ஐந்தாம் அதிகாரத்தின் தொடக்கத்தையும் நான் அதுவரை தனித்தனியாகவே வாசித்திருந்தேன். 4:32-இல், விசுவாசிகளாகிய திரளான கூட்டத்தார் ஒரே இருதயமும் ஒரே மனமும் உள்ளவர்களாயிருந்தார்கள் என்று இருக்கிறது. அதிகார எண்ணை மறந்துவிட்டுத் தொடர்ந்து வாசித்தால், சில வசனங்களுக்குள், நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பகுதியை மறைத்து வைத்துக்கொண்டு, மீதியை முழுவதும்போல அப்போஸ்தலரிடம் கொண்டுவந்த அனனியாவும் அவன் மனைவி சப்பீராளும் வருகிறார்கள். பேதுரு சப்பீராளிடம் கேட்கிற கேள்வியைத் தமிழ் வேதாகமத்தில் கவனித்துப் பாருங்கள்: “கர்த்தருடைய ஆவியைச் சோதிக்கிறதற்கு நீங்கள் ஒருமனப்பட்டதென்ன?” சபையும் ஒருமனமாயிருந்தது, அந்தக் கணவனும் மனைவியும் ஒருமனப்பட்டிருந்தார்கள். அவர்கள் இருவருக்கும் இடையே சண்டை இல்லை, கருத்து வேறுபாடு இல்லை, ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கவும் இல்லை. கமிட்டி அறையில் நாங்கள் ஐந்து பேரும் இருந்த நிலைமையும் அதுவே.

இன்னொன்றும் அந்தப் பகுதியில் இருக்கிறது. நிலத்தை விற்ற பணம் முழுவதையும் கொடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இருக்கவில்லை. “அதை விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ?” என்றும், விற்ற பின்பும் அதன் கிரயம் உன் வசத்தில் இருக்கவில்லையோ என்றும் பேதுரு கேட்கிறார். பாதி கொடுத்திருக்கலாம், பாதிதான் என்று சொல்லியும் இருக்கலாம். கொடுத்ததைவிட அதிகம் கொடுத்தவர்களாகத் தெரிய வேண்டும் என்ற ஆசைதான் அவர்களைக் கெடுத்தது. எங்களுக்கும் வாடகைப் பாக்கியை அறிவித்து உதவி கேட்கும் வழி திறந்தே இருந்தது. கடனில் இருக்கிற சபையாக நாங்கள் தெரிய விரும்பவில்லை, அவ்வளவுதான். அதற்கு “ஐக்கியம்” என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

உத்தமம் என்பது தனிமனிதனுக்கும் தேவனுக்கும் இடையிலான காரியம், ஐக்கியம் என்பது சபைக்கு உரிய காரியம், இரண்டும் மோதினால் ஒன்றைச் சற்று விட்டுக்கொடுக்கலாம் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பொய் சொல்லக் கூடாது என்பதற்குப் பவுல் எபேசியர் 4:25-இல் தரும் காரணம் அந்த எண்ணத்தைக் கலைத்தது: “நாம் ஒருவருக்கொருவர் அவயவங்களாயிருக்க, பொய்யைக் களைந்து, அவனவன் பிறனுடனே மெய்யைப் பேசக்கடவன்.” பொய் பாவம் என்பதாலோ, தேவன் பார்க்கிறார் என்பதாலோ என்று அவர் இங்கே சொல்லவில்லை, அவை உண்மையாக இருந்தாலும். நாம் ஒரே சரீரத்தின் உறுப்புகள் என்பதையே காரணமாகக் காட்டுகிறார். கல்லில் மோதிய கால் வலியைச் சொல்லாமல் மறைத்தால், கண் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும், கையும் உதவிக்கு வராது. அதே அதிகாரத்தின் மூன்றாம் வசனத்தில், ஆவியின் ஒருமையைக் காத்துக்கொள்ளும்படி ஜாக்கிரதையாயிருங்கள் என்று சொன்னவரும் இவர்தான். காத்துக்கொள்ளுங்கள் என்கிறார், அந்த ஒருமை நமக்கு முன்பே கொடுக்கப்பட்டுவிட்டது. அதைக் காக்கிற வேலையில் ஒன்றாகவே மெய் பேசுவதையும் அவர் வைக்கிறார் என்று நான் இப்போது வாசிக்கிறேன்.

கூரைக்காக முதலில் காணிக்கை கொடுத்தவர் வயதான ஒரு அம்மா. பொதுக்கூட்டம் முடிந்து சில வாரங்களில், ஆராதனை முடிந்து வெளியே வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “கூரை வேலை எப்போது தம்பி ஆரம்பிக்கிறீர்கள்?” என்று கேட்டார். “சீக்கிரம் அம்மா” என்றேன். அப்போது எங்களிடம் கூரையில் பாதிக்குக்கூடப் பணம் இல்லை. ஏட்டில் எழுதிய பொய்யைவிட, முகத்தைப் பார்த்துச் சொன்ன அந்த இரண்டு சொற்கள்தான் இரவில் என்னை எழுப்பின.

பிறகு விஷயம் வெளியே வந்தது. கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒரு சகோதரர், ஏட்டையும் வங்கிப் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார். அவர் கண்டுபிடித்தது சரி. சொன்ன விதம்தான் என்னைச் சுட்டது. என்னிடம் கேட்பதற்கு முன்பே மூன்று நான்கு வீடுகளில் சொல்லிவிட்டார். ஜெபக்கூட்டத்தில் “கர்த்தாவே, மறைந்திருப்பவற்றை வெளியரங்கமாக்கும்” என்று ஜெபித்தார். அந்த ஜெபம் யாரைப் பற்றியது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஜெபத்தில் ஒருவரைக் குறிவைத்துப் பேசுவது ஒரு தனிக் கலை. அதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது, கண்ணையும் திறக்க முடியாது.

மத்தேயு 18:15 அப்போது எனக்கு மிகவும் பிடித்த வசனமாகிவிட்டது. உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், நீயும் அவனும் தனித்திருக்கையில் அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து என்கிறது அது. அவர் அப்படிச் செய்யவில்லை அல்லவா! என்னுடைய பொய் எனக்குச் சிறிதாகவும் அவருடைய முறைமீறல் பெரிதாகவும் தெரிந்த அந்த வாரங்களில், வேதவசனத்தையும் கேடயமாகப் பிடிக்கலாம் என்று கற்றுக்கொண்டேன். அந்தப் பகுதி தனிமையில் தொடங்குகிறது, ஆனால் அங்கே முடிவதில்லை. கேட்காவிட்டால் ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து என்று அது போகிறது. அதிகாரத்தில் இருப்பவர்கள் முதல் படியை மட்டும் மேற்கோள் காட்டி மற்றவர்களின் வாயை அடைப்பதைப் பார்த்திருக்கிறேன், நானே செய்திருக்கிறேன். ஒரு குழந்தைக்குத் தீங்கு நடந்த இடத்திலோ, சட்டத்தின் முன் போக வேண்டிய குற்றத்திலோ இந்த வசனத்தைக் காட்டி “நமக்குள் பேசிக்கொள்வோம்” என்று சொல்வது, குற்றத்தோடு சேர்ந்துகொள்வதாகவே முடியும்.

ஆனால் என் காரியத்தில் அந்தச் சகோதரர் முதலில் என்னிடம் வந்திருக்கலாம் என்றே இன்றும் நினைக்கிறேன். பதினைந்தாம் சங்கீதம், மனதாரச் சத்தியத்தைப் பேசுகிறவனைச் சொன்ன கையோடு, தன் நாவினால் புறங்கூறாதவனையும் சொல்கிறது. அந்த இரண்டும் ஒரே மனிதனைப் பற்றியவை. நான் முதலாவதைத் தவறவிட்டேன், அவர் இரண்டாவதை. ஒருவரில் குறைந்ததை மற்றவர் காட்டிக்கொண்டே இருந்தோம். சபை இரண்டாகப் பிரியும் என்று எதற்காகப் பயந்து மறைத்தோமோ, அந்தப் பிரிவு மறைத்ததனாலேயே வந்து வாசலில் நின்றது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கூடத்தின் வலப்பக்கத்தில் ஒரு சாராரும் இடப்பக்கத்தில் மறு சாராருமாக உட்கார்ந்தார்கள். யாரும் அப்படித் திட்டமிடவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும்: முகத்துக்கு நேராகப் பேசிய உண்மை ஐக்கியத்தை உடைத்துவிடும் என்ற பயத்துக்குப் புதிய ஏற்பாடு அதிகம் இடம் தரவில்லை. அந்தியோகியாவில், யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொள்கிறார். பர்னபாவும் அந்த மாயத்தில் இழுபட்டுப் போகிறார். பவுல் எல்லோருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்ததைக் கலாத்தியர் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. பந்தியில் எல்லோரும் பார்க்கச் செய்த காரியம், அதனால் எல்லோருக்கும் முன்பாகவே பேச்சு. இரண்டாம் பேதுரு நிருபத்தின் முடிவில் பவுலைப் பற்றி எழுதியிருப்பது, “நமக்குப் பிரியமான சகோதரனாகிய பவுல்” என்றுதான். மாற்குவைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்பதில் பவுலும் பர்னபாவும் கடுங்கோபத்தோடு பிரிந்தார்கள். அதையும் லூக்கா அப்போஸ்தலருடைய நடபடிகளில் மறைக்காமல் எழுதினார். பிற்பாடு தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார் பவுல்.

அந்த அம்மாவின் வீட்டுக்கு நான் தனியாகப் போனேன். கமிட்டியாகப் போகலாம் என்று ஒருவர் சொன்னார். “சீக்கிரம் அம்மா” என்று சொன்னது கமிட்டி அல்லவே. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். துடைத்து முடித்த பிறகும் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவில்லை. துணியின் நுனியால் அதையே மறுபடியும் மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில், “கூரைக்குக் கொடுத்ததை வாடகைக்கு எடுத்துக்கொள்ளட்டுமா என்று நீ கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. “என்னிடம் கேட்கலாம் என்றுகூட உனக்குத் தோன்றவில்லையே தம்பி” என்றார். அதில் கோபம் இல்லை. பணம் வேறு செலவுக்குப் போனதைப் பற்றி அதன் பிறகும் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தன்னை வெளியாளாக நாங்கள் நடத்தியதுதான் அவருக்கு வலித்தது.

சபையின் முன்பும் எழுந்து நின்று சொன்னேன். அது எப்படி இருந்தது என்று விவரிக்க விருப்பமில்லை. சிலர் அழுதார்கள், சிலர் எழுந்து போனார்கள், போனவர்களில் எல்லோரும் திரும்பி வரவில்லை. நான் மறைத்து வைத்ததற்கு ஆன விலையில் அதுவும் சேர்ந்தது.

நடைமுறையில் சில மாற்றங்கள் வந்தன. யூதேயாவின் ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டுபோகும்போது, பவுல் தீத்துவோடு சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட வேறொருவரையும் அனுப்புகிறார்; கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் என்று இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் அதற்கு விளக்கமும் தருகிறார். தன் உத்தமத்தைப் பற்றிச் சந்தேகமில்லாத அப்போஸ்தலனே பணத்தைத் தனியாகத் தொடவில்லை. நாங்களும் காணிக்கையை இருவராக எண்ணுகிறோம். குறித்துக் கொடுத்த பணத்துக்குத் தனி ஏடு வைத்திருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கை வாசிக்கிறோம், பாக்கி இருந்தால் பாக்கி என்றே.

இந்த நாட்களில் நான் அதிகமாகத் திரும்பத் திரும்ப வாசிப்பது பிலிப்பியர் நிருபம். பிலிப்பி ஒரு ரோமக் குடியேற்றப் பட்டணம். குடியுரிமையைப் பெருமையாக நினைத்த ஊர். சுவிசேஷத்துக்குப் பாத்திரராக நடந்துகொள்ளுங்கள் என்று 1:27-இல் சொல்லும் இடத்தில், குடிமக்களாக வாழுங்கள் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைப் பவுல் எடுத்திருக்கிறார். நான் வந்து உங்களைக் கண்டாலும் வராமலிருந்தாலும் என்று ஒரு சொல்லையும் சேர்க்கிறார். உத்தமத்தை இதைவிடச் சுருக்கமாக விளக்கியவரை நான் கண்டதில்லை. அதே வசனத்தில், விசுவாசத்திற்காகக் கூடப் போராடுங்கள் என்கிறார். அந்த வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது: 4:3-இல், மனத்தாங்கலில் இருந்த எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களைப் பற்றி. சண்டையிட்டுக்கொண்டிருந்தவர்களை, என்னோடு சேர்ந்து போராடியவர்கள் என்று அவர் நினைவுகூர்கிறார். யார் பக்கம் நியாயம் என்று சொல்லவில்லை. அவர்களுக்கு உதவியாயிருக்கும்படி பெயர் சொல்லாத ஒருவரைக் கேட்டுக்கொள்கிறார். அவரை அழைப்பது “என் உத்தம கூட்டாளியே” என்று. ஒரே நுகத்தில் பிணைக்கப்பட்டவர் என்பது அங்கே உள்ள கிரேக்கச் சொல்லின் பொருள். உத்தமமும் கூட்டும் தமிழில் இப்படி அடுத்தடுத்து வந்து நிற்பதை நான் எத்தனையோ ஆண்டுகள் கவனிக்காமல் கடந்து போயிருக்கிறேன்.

காணிக்கை எண்ணும் வேலையில் இப்போது என்னோடு உட்காருபவர், ஏட்டையும் வங்கிப் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த அதே சகோதரர். அவரும் தான் பேசித் திரிந்ததற்காக ஒரு நாள் என்னிடம் வந்து வருத்தம் தெரிவித்தார். அது சுருக்கமாக, கதவருகில் நின்றபடியே நடந்தது. நாங்கள் நெருங்கிய நண்பர்கள் ஆகிவிடவில்லை. நான் எண்ணி அடுக்கிய நாணயங்களை அவர் மறுபடியும் எண்ணுவார். தொடக்கத்தில் அது எனக்கு அவமானமாக இருந்தது. கடந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்பதற்கு முன்பே என் அடுக்கை அவர் பக்கமாக நகர்த்தினேன். அவரும் தம்முடையதை என் பக்கமாக நகர்த்தினார்.