எழுபது வளைவு, இரண்டு பலாப்பழம்

பெரியப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். நாமக்கல்லில் இது பெரிய விஷயமில்லை. தெருவுக்கு நாலு பேர் அப்படி இருப்பார்கள், மீதிப் பேர் லாரிக்குப் பாடி கட்டுவார்கள், அதுவும் இல்லையென்றால் கோழிப்பண்ணை. என் வண்டியை முதன்முதலாகப் பார்த்தபோது பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் வேட்டியை மடித்துக்கொண்டு பின்பக்கம் போய்க் குனிந்து அடியில் பார்த்தார். லாரியில் பின்சக்கரங்களைச் சுற்றவைக்கும் பல்சக்கரங்கள் உள்ள கூடு, ஹவுசிங், அங்கேதான் இருக்கும்.

"பின்னாடி ஹவுசிங்கே இல்லியே கண்ணு. அப்புறம் எதுல ஓடுது?"

"முன் வீல்தானுங்க பெரியப்பா இழுக்கும்."

"திருப்பறதும் அதே வீலு, இழுக்கறதும் அதே வீலா?" என்றார். அந்த வண்டியைப் பற்றி நான் படித்த அத்தனை விமர்சனங்களும் சுற்றிச் சுற்றிச் சொன்னதை ஒரே வரியில் சொல்லிவிட்டார். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

வண்டி ஃபோக்ஸ்வேகன் போலோ, 1.0 டிஎஸ்ஐ என்கிற டர்போ பெட்ரோல் என்ஜின், 6 கியர் மேனுவல். 2022-ல் இந்தியாவில் இதன் தயாரிப்பை நிறுத்திய பிறகு பழைய வண்டியாக வாங்கினேன். 999 சிசி, மூன்றே சிலிண்டர், ஆனால் 110 குதிரைத்திறன். சின்ன வண்டிக்கு இது தாராளம். வாங்கியதிலிருந்து சேலம் பைபாஸில் நேராக ஓட்டி ஓட்டி அலுத்துப்போயிருந்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே 70 கொண்டை ஊசி வளைவுகளை வைத்துக்கொண்டு நேர்ச்சாலையில் என்ன வேலை? ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் கொல்லிமலைக்குக் கிளம்பினோம். பலாப்பழ சீசன் என்பதால் பெரியப்பாவும் வருகிறேன் என்றார்.

விடியுமுன் புறப்பட்டு, சேந்தமங்கலத்தில் டீ குடித்து, காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளிக்கு வந்தபோது வெளிச்சம் வந்துவிட்டது. முந்தின இரவு மழை. தார் கறுப்பாக மின்னியது, மரத்தடியில் எல்லாம் சருகு. முதல் பலகை: 1/70.

முதல் பத்து வளைவுகள் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டீயரிங் லேசு, வண்டி குட்டி, சொன்ன இடத்தில் மூக்கைத் திருப்புகிறது. இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு ஏறி, வளைவு வந்ததும் பிரேக், திருப்பு, மறுபடி மிதி. பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. ஆனால் கதவுக்கு மேலே உள்ள கைப்பிடியை விடவும் இல்லை.

பன்னிரண்டோ பதின்மூன்றோ, அந்த வலது வளைவில் கொஞ்சம் அதிகமாக மிதித்துவிட்டேன். ஸ்டீயரிங்கை ஒடித்துத்தான் வைத்திருக்கிறேன், வண்டி மட்டும் திரும்பாமல் நேராகத் தடுப்புச் சுவரைப் பார்த்துப் போகிறது. அண்டர்ஸ்டியர் என்று பெயர் தெரியும், வீடியோவில் நூறு தடவை பார்த்ததுதான். ஆனால் கையில் அது எப்படி இருக்கும் என்று தெரியாது. ஸ்டீயரிங் திடீரென்று பஞ்சு போல லேசாகிவிடுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஒரு கணம் கழித்து டயர் கடித்தது, மூக்கு உள்ளே வந்தது. வேகம் முப்பதுகூட இருக்காது. இந்தச் சாலையில் எந்த வளைவிலும் நாற்பதைத் தொடவில்லை, தொடவும் கூடாது. எதிரே பஸ் வருமா பைக் வருமா என்று வளைவு முடியும்வரை தெரியாது.

ஒரு டயர் சாலையைப் பிடிக்கும் பிடிக்கு ஓர் அளவு உண்டு. அதை இழுக்கவும் செலவழிக்கலாம், திருப்பவும் செலவழிக்கலாம், பிரேக்குக்கும் செலவழிக்கலாம். மொத்தக் காசு ஒன்றுதான். பின்சக்கரம் தள்ளும் வண்டியில் வேலை பிரிந்துவிடுகிறது. முன்சக்கர வண்டியில் பாவம், இரண்டு டயர்கள் எல்லாவற்றையும் பார்க்கின்றன, பின்னால் உள்ள இரண்டும் வெறுமனே கூட வருகின்றன. இதில் இன்னொரு கூத்து, மலை ஏறும்போது பாரம் பின்னால் சாய்ந்துவிடும். எந்த டயர் உழைக்க வேண்டுமோ அதன்மேல்தான் எடை குறைகிறது.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியம். "லோடு ஏத்துன லாரிக்கு மேடுன்னா பின்னாடி நல்லா அழுத்திப் புடிக்கும். காலி வண்டிதான் சறுக்கும்" என்றார். ஒரே மலை, அவர் வண்டிக்குக் கொடுப்பதை என் வண்டியிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது.

அது எவ்வளவு நிஜம் என்று முப்பத்தேழாவது வளைவு காட்டியது. இடது வளைவு. நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால், ஏறும்போது இடது கொண்டை ஊசிதான் உள்வட்டம். அங்கேதான் சாலை சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். வலது வளைவுகள் அகலம், அவற்றில் மூச்சு விடலாம். மேலேயிருந்து பஸ் ஒன்று அகல வாங்கித் திரும்பிக்கொண்டிருந்தது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் பாதி திரும்பிவிட்ட பஸ்ஸிடம் சட்டம் பேசி என்ன ஆகப்போகிறது? வளைவின் நடுவிலேயே நின்றுவிட்டேன். பஸ் போனதும் ஹேண்ட் பிரேக்கை விட்டு முதல் கியரில் எடுத்தால், இடது முன்சக்கரம் மட்டும் 'சர்ர்ர்' என்று சுற்றுகிறது. வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தேன், இன்னும் சுற்றியது. ரப்பர் வாசனை. பின்னால் ஒரு பைக்காரர் ஹாரன்.

உள்பக்கச் சக்கரத்தில் எடை இல்லை, அதனடியில் மழை கொண்டுவந்து சேர்த்த மணல், சக்தி எல்லாம் சுலபமாகச் சுற்றும் அந்தச் சக்கரத்துக்கே போகிறது. காரணம் எனக்குத் தெரியும். என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

"ஸ்டீரிங்க நேராக்கு கண்ணு. அப்பறம் கொஞ்சமா உடு, போதும்."

நேராக்கி, கிளட்ச்சைப் பாதி பிடித்து, காலை இறகு போல வைத்தேன். ஓரடி நகர்ந்தது, பிடித்துக்கொண்டது, பிறகு திருப்பினேன். முன்சக்கர வண்டியைத் தொட்டே இராத மனுஷனுக்கு இது எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டேன். "வண்டி எதுவானா என்ன, ரெண்டு வேலை ஒண்ணா சொன்னா முழிக்கத்தான செய்யும்" என்றார்.

அதற்கப்புறம் வளைவுக்குள் போகும்போதே அவசரத்தை விட்டுவிட்டேன். பிரேக் எல்லாம் நேராக இருக்கும்போதே முடித்து, திருப்பும்போது திருப்ப மட்டும் விட்டு, ஸ்டீயரிங் பிரிய ஆரம்பித்த பிறகே ஆக்சிலரேட்டர். சின்ன டர்போ என்ஜின்களுக்கு ஒரு பொதுக் குணம், சுற்று குறைந்தால் தூங்கிவிடும், விழித்தால் ஒரேயடியாக விழிக்கும். அந்த விழிப்பு சக்கரம் நேராகும் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போன வளைவுகளில் வண்டி ஒரு கயிற்றில் கட்டி இழுத்தது போல மேலே ஏறியது. ஐம்பதிலிருந்து எழுபதுக்குள் அப்படி நாலைந்து கிடைத்திருக்கும். அதற்கே முகத்தில் சிரிப்பு நிற்கவில்லை.

செம்மேட்டில் குதிரைமேல் வல்வில் ஓரி சிலை. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒரே அம்பில் துளைத்தவர் என்று பெயர். அம்புக்கு நேர்கோடு வேண்டும். அவர் மலைக்கு வருகிற பாதையில் நேராக நூறடி சேர்ந்தாற்போல் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அறப்பளீஸ்வரர் கோயிலில் கும்பிட்டோம். ஆகாய கங்கைக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்கி ஏற வேண்டும். பெரியப்பாவின் முழங்காலைச் சொல்லி நானும் தப்பித்தேன்.

சோளக்காடு சந்தையில் அவர் மிளகு ஒரு கிலோ, அன்னாசி நாலு, பெரிய பலாப்பழம் இரண்டு வாங்கினார். பழத்தைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம். டிக்கியில் வைத்தால் இரண்டும் சும்மா இருக்கவில்லை. எழுபதாவது வளைவில் இறங்கத் திரும்பியதும் பின்னால் 'தொம்'. அடுத்ததில் மறுபக்கம் 'தொம்'.

நிறுத்திக் கட்டலாம் என்றேன். "வேண்டா. உருளாம எறக்கு பாக்கலாம்" என்றார்.

இறங்குவதுதான் நிஜமான ஓட்டம் என்பது என் கட்சி. ஏறும்போது சறுக்கினால் மலையே வேகத்தைக் குறைத்துவிடும், இறங்கும்போது அது கூட்டிக்கொண்டே போகும். ஆனால் இப்போது பாரம் முன்னால் வருகிறது, முன்டயர்கள் நன்றாக அழுந்துகின்றன. திருப்பச் சொன்னால் உடனே கேட்கின்றன, ஏறும்போது இருந்த முரண்டு இல்லை. இந்த முறை லேசாவது பின்பக்கம். வளைவுக்குள் திடீரென்று பிரேக் போட்டால் வால் வெளியே வீச வாய்ப்புண்டு. பலாப்பழம் அதற்கு நல்ல காவல்காரன், வால் வீசும் அளவுக்கு வருமுன்பே அது உருண்டு காட்டிக்கொடுத்துவிடும்.

ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்பது லாரிக்காரர்களின் பழைய கணக்கு. இரண்டாம் கியரைப் போட்டு என்ஜினே பிடித்துக்கொள்ள விட்டேன். வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தி, ஸ்டீயரிங் திரும்பத் திரும்ப அதே அளவுக்குப் பிரேக்கை விட்டுக்கொண்டே வர வேண்டும், பட்டென்று விடக் கூடாது. பெடல் மேலே வருவதும் மூக்கு உள்ளே போவதும் ஒரே அசைவாக ஆனபோது டிக்கி அமைதியானது. முதல் இருபது வளைவில் பதினாறு 'தொம்'. அடுத்த இருபதில் ஏழு. பெரியப்பா விரலை மடக்கி எண்ணிக்கொண்டு வந்தார்.

இடையில் ஒரு இடத்தில் மூக்கைச் சுருக்கினார். "பிரேக் லைனிங் கருகுது." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நம்முளுது இல்ல, முன்னாடி போறவன்." அடுத்த வளைவு திரும்பியதும் தெரிந்தது, பிரேக் விளக்கு அணையாமலே ஒரு கார். அகலமான இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னோம். சக்கரத்துக்குள்ளிருந்து புகை. நியூட்ரலில் இறங்கியிருக்கிறார்கள், டீசல் மிச்சமாகும் என்று. அரை மணி நேரம் ஆறவிட்டு, கியரில் இறங்கச் சொல்லி, அவர்கள் கிளம்பும்வரை பெரியப்பா அங்கேயே நின்றார். தண்ணீர் ஊற்றப்போனவரைக் கத்தியே தடுத்தார்.

கடைசிப் பத்தில் ஒரே ஒரு 'தொம்', அதுவும் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்ததால். ஒன்றாவது வளைவு சத்தமில்லாமல் முடிந்தது. நான் பெருமையாகத் திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தேன். பார்த்த நேரத்தில் காரவள்ளி வேகத்தடையைக் கவனிக்கவில்லை. இரண்டு பழமும் சேர்ந்து துள்ளி விழுந்தன, அன்னாசியும் கூடவே.

"அத கணக்குல சேக்க வேண்டா" என்றார் பெரியப்பா.