தொட்டுப் பார்க்காமல் சொன்ன ஓகே

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைத் தொடக்கம் முதல் அனுப்பும்வரை கவனித்துக்கொள்பவராக, சேர்ந்து பதினாறு வருடம் ஆகிறது. சேர்ந்த புதிதில் பாதி நாள் நடையிலேயே போகும். காலையில் சாயப்பட்டறை, மதியம் துணி பின்னால் சுருங்காதபடி நீராவியில் அமுக்கி எடுக்கும் காம்பாக்டிங், சாயங்காலம் கட்டிங் டேபிள். ரோலைப் பிரித்ததும் துணியை விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்ப்போம், இழுத்து விட்டுப் பார்ப்போம், குழந்தைகள் துணியென்றால் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்போம். அப்புறம்தான் ஜிஎஸ்எம் கட்டர். அது சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டமாக வெட்டித் தரும். அந்த வட்டத்தின் எடையை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று வந்துவிடும். வெகு நாள் ஆனவர்கள் கட்டரை எடுக்கும் முன்பே கையில் தூக்கிப் பார்த்து எடையைச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் ஐந்து கிராம்கூடத் தப்பாது.

2020 ஊரடங்கில் கூரியர் நின்றது. ஆர்டர் தரும் எங்கள் பையர்கள் கம்ப்யூட்டரிலேயே தைத்துக் காட்டும் முப்பரிமாண சாம்பிளுக்கு மாறினார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரே டிசைனை நாலு தடவை தைத்து விமானத்தில் அனுப்பிக்கொண்டிருந்தோம். தோள் இறக்கம், கழுத்து அகலம் எல்லாம் திரையிலேயே தெரிந்துவிடும்போது அவ்வளவு துணியை வீணாக்க வேண்டியதில்லை. ஆனால் அதோடு சேர்த்து நான் துணியைத் தொடுவதையும் விட்டுவிட்டேன். அதுதான் தப்பு.

2021இல் ஒரு குழந்தைகள் உடுப்பு ஆர்டர். சீவிச் சுத்தம் செய்த பருத்தியில் நூற்ற 30ஸ் கோம்ப்டு நூல், சாதாரண பனியன் பின்னலான சிங்கிள் ஜெர்சி, எடை 150 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 150 கிராம். நான் வீட்டிலிருந்து வேலை பார்த்தேன். ஃபினிஷிங் முடிந்த துணியை ஒருவர் கையில் பிடித்து அசைத்துக் காட்டிய வீடியோ வந்தது. துணி தண்ணீர் மாதிரி வழிந்து விழுந்தது. ரிப்போர்ட்டில் எடை சரி, சுருக்கம் சரி, சாயம் போகவில்லை. ஓகே என்று தட்டிவிட்டேன்.

துணி கட்டிங்குக்கு வந்த அன்று கட்டிங் மாஸ்டர் போன் செய்தார். "கண்ணு, ஒரு எட்டு வந்துட்டுப் போ."

போனேன். ரோலின் ஓரத்தை என் கையில் கொடுத்தார். எனக்கு அது நன்றாகத்தான் பட்டது. வழுவழுவென்று, பிடித்தால் நழுவுகிற மாதிரி. அப்படியே சொன்னேன்.

"எண்ணெய் தடவுன மாதிரி இருக்குது பாரு. பருத்தி இப்படியா இருக்கும்?" என்றவர், குடித்துக்கொண்டிருந்த டம்ளரில் விரலை நனைத்து ஒரு சொட்டைத் துணிமேல் விட்டார். நல்ல பருத்தித் துணி அந்தச் சொட்டை உடனே குடித்துவிடும். இது குடிக்கவில்லை. தாமரை இலைமேல் நிற்பதுபோல உருண்டையாக நின்றது. துணியைச் சாய்த்தார், சொட்டு உருண்டு ஓடி மேஜையில் விழுந்தது.

ஃபினிஷிங்கில் துணியை மென்மையாக்கப் போடும் சிலிகான் சாஃப்ட்னரை அளவுக்கு மீறிப் போட்டிருக்கிறார்கள். அது இழையைச் சுற்றிப் படலமாகப் படிந்துகொள்ளும். துணி வழுக்கும், கேமராவில் அழகாக விழும், வியர்வையை மட்டும் உறிஞ்சாது. தண்ணீர் உறிஞ்சுகிறதா என்ற சோதனையை ரிப்போர்ட்டில் நான் கேட்கவே இல்லை. எங்கள் ஊர் வெயிலிலோ வேறெங்கோ ஒரு கைக்குழந்தை அதைப் போட்டுக்கொண்டு புழுங்கியிருக்கும். துணி பட்டறைக்குத் திரும்பிப் போய், அலசி, மறுபடி ஃபினிஷிங் ஆகி வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த நஷ்டத்தைவிட, துணி கையில் இருந்தும் எனக்குத் தெரியாமல் போனதே அதிகம் உறுத்தியது. ஒரு வருடம் துணி தொடாத விரலுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

அதன்பிறகுதான் கவபாதாவைப் பற்றித் தேடிப் படித்தேன். ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர். துணி கைக்கு எப்படி இருக்கிறது என்பதை எண்ணாக அளக்கும் கருவிகளை 1970களில் உருவாக்கியவர். வளைப்பது, இழுப்பது, அமுக்குவது, மேற்பரப்பின் உராய்வு என்று பிரித்துப் பிரித்து அளந்தார். ஆனால் அவர் தொடங்கிய இடம் கருவி இல்லை. ஆலைகளில் பல வருடம் துணி பார்த்த அனுபவசாலிகளைக் கூட்டி, அவர்கள் பேசுகிற சொற்களை முதலில் வரையறுத்துக்கொண்டார். கோஷி என்றால் விறைப்பு, நுமேரி என்றால் வழவழப்பு, ஃபுகுராமி என்றால் பொதபொதவென்ற நிறைவு. படிக்கும்போது நம் மாஸ்டர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். மொடமொடப்பு, சொரசொரப்பு, நொய்வு என்று அவர்களிடமும் எத்தனை சொற்கள்! யாராவது உட்கார்ந்து எழுதி வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இப்போதும் திரையில்தான் பாதி வேலை. ஆனால் கையகலத் துண்டாவது மேஜைக்கு வராமல் நான் ஓகே சொல்வதில்லை. வாரத்தில் இரண்டு நாள் காம்பாக்டிங்கில் நிற்கிறேன். சூடாக இறங்கும் துணியைத் தொட்டுப் பார்த்து, ஆறியதும் இன்னொரு தடவை தொட்டுப் பார்க்கிறேன். இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை.

அந்தப் பழைய துணியில் வெட்டிய ஒரு துண்டை ஃபைலில் பின் அடித்து வைத்திருக்கிறேன். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே அதையும் ஒரு நல்ல துணியையும் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்து எது நல்லது என்று சொல்லச் சொல்வேன். பாதிப் பேர் வழுவழுப்பானதைத்தான் நீட்டுவார்கள். அப்புறம் தண்ணீர் டம்ளரை அவர்கள் பக்கம் நகர்த்தி வைப்பேன்.