கோப்புகள் எங்கேயும் போகவில்லை

"அண்ணா, பேக்கிங் லிஸ்ட் எல்லாம் போய்விட்டதுங்களா?"

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் தம்பி. முகம் வெளுத்திருந்தது.

லினக்ஸ் அப்டேட்டுக்குப் பிறகு கோப்புகளைத் திறந்து காட்டும் நிரலான கோப்பு மேலாளரை எத்தனை முறை அழுத்தினாலும் திறக்கவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. இந்த ஊமைத்தனம்தான் எனக்கு ஆகாது.

கட்டளைகளைத் தட்டும் திரையான டெர்மினலில், அந்தக் கோப்பு மேலாளரின் பெயரான 'நாட்டிலஸ்' என்று தட்டியதும் வாய் திறந்தது: லைப்ரரியில், அதாவது நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக் கோப்பில், அது தேடும் ஏதோ ஒரு குறியீட்டைக் காணவில்லையாம். ஒரு நிரல் எந்தெந்த லைப்ரரியைப் பிடிக்கிறது என்று காட்டும் எல்டிடி கட்டளையில் குட்டு உடைந்தது. எப்போதோ யாரோ 'யூஎஸ்ஆர் லோக்கல் லிப்' அடைவில் கையால் நிறுவிய பழைய லைப்ரரியை, புதிய நிரல் போய்ப் பிடித்திருக்கிறது.

அதை அங்கிருந்து நகர்த்தி, லைப்ரரிகளின் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் கட்டளையை ஓட்டினேன். திறந்துகொண்டது.

கணினியின் வட்டில் கோப்புகள் பத்திரமாகவே இருந்தன. காட்டுகிற நிரல்தான் படுத்துவிட்டது. அதற்குள் போனில் யாரோ 'ஃபார்மேட் செய்துவிடு' என்று தம்பிக்கு யோசனை சொல்லியிருக்கிறார். அந்தப் புண்ணியவான் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்.