டெம்ப்ளேட் ரேக்: ஒரு சிபாரிசு
பூல், அதாவது மேசையில கோலால பந்துகளைக் குழியில தள்ற ஆட்டம், ஆடுறவங்க ஆரம்பத்துல பந்துகளை அடுக்க இன்னும் முக்கோணச் சட்டத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தா, தயவுசெஞ்சு ஒரு தடவை டெம்ப்ளேட் ரேக்குல அடுக்கிப் பாருங்க.

முக்கோணத்துல பந்துகளை விரலால முன்னாடி தள்ளி இறுக்கி, சட்டத்தை மெதுவாத் தூக்குவோம். தூக்குன அந்த நொடியில முன்பந்து மயிரிழை நகர்ந்துடும். கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தா, அதுக்கும் பின்னாடி இருக்கற ரெண்டுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியும். அந்த இடைவெளி போதும், பிரேக்கை, அதாவது பந்துகளைக் கலைக்கற முதல் அடியை, எவ்வளவு பலமா அடிச்சாலும் கூட்டம் சோம்பலாத்தான் கலையும்.

டெம்ப்ளேட்ங்கறது ஓட்டைகள் வெட்டுன மெல்லிசான பிளாஸ்டிக் தாள். ஓட்டைகளோட மையங்கள் பந்தோட விட்டத்தைவிட, அதாவது 57 மில்லிமீட்டரைவிட, துளி நெருக்கமா இருக்கும். அதனால பந்துகள் தானாவே ஒண்ணோட ஒண்ணு சாஞ்சு ஒட்டிக்கும். 8 பால்ங்கற ஆட்டம்னா நடுவுல கறுப்புப் பந்து, பின்வரிசை மூலை ரெண்டுல ஒண்ணு முழு நிறம், ஒண்ணு பட்டை. அவ்வளவுதான் வேலை.

பிரேக் முடிஞ்சதும் தாள் மேல பந்து இல்லைன்னா உடனே எடுத்துடுங்க. மெதுவா உருள்ற பந்து அதோட ஓரத்துல ஏறுனா திசை மாறிடும், ஒரு நல்ல ஷாட்டை நான் அப்படித்தான் இழந்தேன், இன்னும் மனசு ஆறலை. தாள் மேலயே பந்து நின்னுட்டா, எதிராளி பார்க்க இடத்தைக் குறிச்சு, தாளை உருவிட்டு, திரும்ப வைக்கறோம்.

9 பால்ங்கற ஆட்டத்துல இந்த இறுக்கமே பிரச்சினைன்னு சொல்றவங்க உண்டு. ஓரப்பந்து ரொம்பச் சுலபமா மூலைக்குழிக்குப் போயிடுதுன்னு சில போட்டிகள்ல முன்னாடி இருக்கற 1ஆம் எண் பந்துக்குப் பதிலா நடுவுல இருக்கற 9ஆம் எண் பந்தை மேசையில குறிச்ச புள்ளியில வைக்கறாங்க. நியாயமான மாத்தம்தான். ஆனா அதுக்காக இடைவெளி விழுற முக்கோணச் சட்டத்துக்குத் திரும்பிப் போக எனக்கு மனசே வராது.