எலிசபெத் காட்டனின் கட்டைவிரல்

மதியம் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி எலிசபெத் காட்டன் கிதார் வாசிக்கும் பழைய வீடியோவைப் பார்த்ததிலிருந்து அந்தக் கட்டைவிரல்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

இடதுகைக்காரர். வலதுகைக் கிதாரைக் கம்பிகூட மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடிக்கிறார். எல்லோருக்கும் கட்டைவிரல் தடித்த கம்பியில் தாளம் போட, இவருக்கோ அதுதான் மெட்டு வாசிக்கிறது, மற்ற விரல்கள் தாளத்தைப் பார்த்துக்கொள்கின்றன.

யாரும் சொல்லித்தரவில்லை!

1893இல் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண். சின்ன வயதிலேயே வீட்டுவேலை. சர்ச்சுக்காகக் கிதாரை விட்டவர் பல பத்தாண்டுகள் தொடவே இல்லை. அப்புறம் நாட்டுப்புற இசைக்காரர்களான சீகர் குடும்பத்துக்கு வேலைக்குப் போனார், அங்கே இருந்த கிதாரை எடுத்தார். 1958இல், அறுபதைத் தாண்டிய பிறகு முதல் ஆல்பம். தொண்ணூறுக்கு மேல் கிராமி.

அந்த வீட்டில் கிதார் இல்லாமலிருந்தால்? இப்படி அடுப்படியோடு முடிந்துபோனவர்கள் எத்தனை பேரோ, நினைத்தால் மனசு ஆறவில்லை.