கண்ணாடியைப் பார்த்து ஸ்கோப் வாங்காதீர்கள்

மினியாபோலிஸில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் நவம்பரில் மான் வேட்டைக்குப் போகிறானாம். உடன் வேலை செய்பவர் ஒருவர் அழைத்திருக்கிறார். அங்கே அது சட்டப்படி நடக்கும் காரியம்: உரிமம் வாங்கி, பளீரென்ற ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு, குறித்த நாட்களில் போகலாம். இங்கே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஜவ்வாது மலையில் நாட்டுத் துப்பாக்கியோடு மான் பின்னால் போனவன் போய்ச் சேரும் இடம் வேலூர் சிறைதான். அண்ணிக்கு இன்னும் விஷயம் தெரியாது. புரட்டாசி முழுக்க முட்டைகூட உடைக்காத வீடு அது.

“சித்தப்பா, முந்நூறு டாலர் ஸ்கோப்புக்கும் ஆயிரத்து இருநூறு டாலர் ஸ்கோப்புக்கும் என்ன வித்தியாசம்? கடையில் இரண்டையும் கண்ணில் வைத்துப் பார்த்தேன். ஒரே மாதிரிதான் தெரிகிறது” என்று கேட்டான். ஸ்கோப் என்பது குறிபார்க்கத் துப்பாக்கிமேல் பொருத்தும் தொலைநோக்கி.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் கம்மவான்பேட்டைக்காரன். எங்கள் ஊரில் ராணுவத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் போய்ச் சேர்ந்தது ராணுவத்தின் மின்னணு, இயந்திரப் பொறியியல் பிரிவான ஈ.எம்.இ.யில், ஆர்மரர் வேலைக்கு. ஆயுதத்தைப் பழுது பார்க்கிறவன். ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் “ஸ்கோப் போய்விட்டது” என்று என் மேசைக்கு வந்து சேர்ந்தவை ஏராளம். அவற்றில் பாதிக்கு ஸ்கோப்பில் கோளாறே இருக்காது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கடையில் எல்லாரும் பார்ப்பது கண்ணாடியை. தெளிவாக இருக்கிறதா, ஓரம் மங்குகிறதா, எதிர்க்கடைப் பெயர்ப்பலகை படிக்க முடிகிறதா? இந்தக் காலத்தில் மலிவான ஸ்கோப்பிலும் கண்ணாடி மோசமில்லை. விலையில் நல்ல பங்கு போகும் இடம் கண்ணுக்குத் தெரியாத உள்குழல்.

வெளிக்குழலுக்குள் இன்னொரு சிறு குழல் இருக்கிறது. அதன் பின்முனை அசைந்து கொடுக்கும்படி பொருத்தப்பட்டிருக்கும். மேலே ஒரு குமிழ், வலப்புறம் ஒரு குமிழ்; அவற்றின் அடியிலுள்ள திருகுகள் உள்குழலை அழுத்தும். கீழ் இடது மூலையில் ஒரு ஸ்பிரிங் அதைத் திருகுகளை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். நாம் குமிழை ஒரு கிளிக், அதாவது ஒரு படி, திருப்பினால் திருகு மயிரிழை நகர்கிறது, ஸ்பிரிங் உள்குழலையும் அதோடு நகர்த்த வேண்டும். ஸ்பிரிங் சோம்பேறியாக இருந்தால் திருகு நகர்ந்தும் குழல் நகராது. இரண்டு குண்டு சுட்ட அதிர்ச்சிக்குப் பிறகுதான் புதிய இடத்துக்கு வந்து உட்காரும். பழைய ஆட்கள் கிளிக் வைத்ததும் திருப்புளிப் பிடியால் குமிழைத் தட்டுவது இதனால்தான்.

இங்கே அவன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். “நான் ஒருமுறை ஜீரோ செய்து, அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்துவிட்டு, மூடி போட்டுவிடுவேன். பிறகு குமிழைத் தொடவே மாட்டேன். கிளிக் சரியாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?” வேட்டைக்காரர்கள் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். திருப்பும்போது குழலைச் சரியாக நகர்த்துவதும், சுடும்போது அதே இடத்தில் பிடித்து நிறுத்துவதும் ஒரே ஸ்பிரிங்தான். போய்த் திரும்பும்போது பழைய இடத்துக்கு வராத ஸ்கோப், ஒவ்வொரு உதைக்கும் அசையாமல் நிற்கும் என்று நம்ப எனக்கு மனம் வராது.

அதனால் குமிழைத் திருப்பித்தான் சோதிக்க வேண்டும். அதற்குத் துப்பாக்கிகூட வேண்டாம். எங்கள் பக்கம் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. வேலிக்கு நட்ட கல் தூண் ஒன்றில் இரும்புப் பட்டையை போல்ட் போட்டு முடுக்கி, அதில்தான் ஸ்கோப்பைப் பொருத்துவேன். சித்திரையில் வற்றிக் கிடக்கும் ஏரிக்குள் 100 மீட்டர் அளந்து, கோடு போட்ட அட்டையை நிறுத்துவேன். விடியற்காலையிலேயே முடித்துவிட வேண்டும். வேலூர் வெயிலில் எட்டரை, ஒன்பதுக்கெல்லாம் கானல் ஆட ஆரம்பித்துவிடும், அப்புறம் எந்தக் கோடும் நிற்காது.

கணக்கு எளியது. பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கோண நிமிடம். 100 மீட்டரில் அது ஏறக்குறைய 29 மில்லிமீட்டர். வழக்கமான கிளிக் அதில் கால் பங்கு. நாற்பது கிளிக் திருப்பினால் ஸ்கோப்புக்குள் குறிபார்க்கத் தெரியும் குறுக்குக்கோடு 29 சென்டிமீட்டர் நகர வேண்டும். மேலே நாற்பது, வலப்புறம் நாற்பது, கீழே நாற்பது, இடப்புறம் நாற்பது: ஒரு சதுரம் போட்டுப் புறப்பட்ட புள்ளிக்கே வர வேண்டும். 29-க்குப் பதில் ஒவ்வொரு முறையும் 27 வந்தால்கூட நான் பொறுத்துக்கொள்வேன், கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஒருமுறை 27, மறுமுறை 30 என்று வந்தால் அதற்கு மருந்தில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: சில ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் என்பது 100 கஜத்தில் சரியாகக் கால் அங்குலம், கோண நிமிடக் கணக்கு அதைவிடச் சுமார் 5 சதவீதம் கூடுதல். குமிழில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அளக்கவும்.

பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் ஸ்பிரிங் ஏர் ரைபிளில் போட்ட ஸ்கோப்பை எடுத்து வந்தான். 0.177 அங்குலக் குழல், 20 ஜூலுக்குள் ஆற்றல் என்றால் நம் நாட்டில் உரிமம் வேண்டாம் என்பதால் மாந்தோப்பில் அட்டை வைத்துச் சுடுகிற பிள்ளைகள் இப்போது அதிகம். பெரிய வேட்டை ரைபிளுக்கே தாங்கும் என்று விற்ற ஸ்கோப் அது. குறுக்குக்கோடு உள்ளே சாய்ந்து கிடந்தது. வெடிமருந்துத் துப்பாக்கி பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் ரைபிளில் பிஸ்டன் புறப்படும்போது ஓர் உதை பின்னால், காற்றை அழுத்திக்கொண்டு முனையில் போய் நிற்கும்போது ஓர் இழுப்பு முன்னால். ஒரே பக்க உதைக்குக் கட்டிய ஸ்கோப் இந்த இரட்டை ஆட்டத்தில் கழன்றுவிடும், வளையத்துக்குள் பின்னோக்கி வழுக்கவும் செய்யும். உறுதி என்று எந்த உதையை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

ஸ்கோப்பைத் தரையில் தூக்கிப் போட்டுச் சோதிக்கும் வீடியோக்களை அண்ணன் மகன் அனுப்பினான். பார்க்க நன்றாக இருக்கிறது. தன் காசில் வாங்கியவன் செய்ய மாட்டான்.

இப்போது, ஸ்கோப்பில் கோளாறே இல்லாமல் என் மேசைக்கு வந்த அந்தப் பாதியின் கதை. குண்டு இடம் மாறினால் முதலில் பார்க்க வேண்டியது துப்பாக்கியின் மரக்கட்டையையும் இரும்புப் பாகத்தையும் பிணைக்கும் திருகு. அடுத்து ஸ்கோப் உட்காரும் அடிப்பட்டை, பிறகு ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களின் திருகுகள். எல்லாம் இறுக்கமாக இருந்தால்தான் ஸ்கோப்பைச் சந்தேகப்பட வேண்டும். இறுக்குவதிலும் அளவு உண்டு. பெரும்பாலான வளையங்களுக்கு 2 நியூட்டன் மீட்டர் பக்கம் போதும். கை வலிமையைக் காட்டினால் அலுமினியக் குழல் நசுங்கி உள்குழல் சிக்கிக்கொள்ளும். இறுக்கியபின் திருகின் தலையிலும் வளையத்திலும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிட்டால், திருகு நகர்ந்தது பார்த்தவுடன் தெரியும்.

தொலைவில் குறிபார்த்துச் சுடும் சோவியத் துப்பாக்கியான டிராகுனோவ் ரைபிளின் பி.எஸ்.ஓ.-1 ஸ்கோப்பைப் பற்றியும் சொன்னேன். நான்கு மடங்கு உருப்பெருக்கம், 24 மில்லிமீட்டர் முன்கண்ணாடி, அவ்வளவுதான். 1963-இல் சோவியத் ராணுவம் ஏற்றுக்கொண்ட துப்பாக்கியோடு வந்தது. இன்றைய கடைப்பொருள் பக்கத்தில் வைத்தால் ஏழை. ஆனால் உருப்பெருக்கத்தை மாற்றும் வளையம் அதில் இல்லை. அசையும் பாகம் குறைந்தால் தளர்வதற்கும் பாகம் குறைவு.

அவன் முந்நூறு டாலர் ஸ்கோப்பை ரைபிளில் மாட்டி, சதுரச் சோதனையைச் சுட்டே செய்து படம் அனுப்பினான். கடைசிக் குண்டு முதல் குண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி விழுந்திருந்தது. என் வரிசைப்படி எல்லாத் திருகுகளையும் பார்த்துவிட்டு மறுபடி சுட்டான், அதே கதை. திருப்பிக் கொடுத்துவிட்டு, நடுத்தர விலையில் நிலையான ஆறு மடங்கு ஸ்கோப் ஒன்றை வாங்கியிருக்கிறான். சதுரம் மூடுகிறது.

மிச்சம் இருப்பது குளிர். அங்கே நவம்பரில் தண்ணீர் உறையும், மட்டமான மசகு கெட்டியாகிக் கிளிக் மந்தமாகும். வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்ததும் வெளிக்கண்ணாடியில் பனி படிவது இயல்பு. உள்ளே படிந்தால் அடைப்பு போய், நிரப்பிய நைட்ரஜன் கசிந்துவிட்டது என்று பொருள். அதனால் அக்டோபர் கடைசியில் ரைபிளை ஓர் இரவு பூட்டிய கொட்டகையில் குளிரவிட்டு, காலையில் எடுத்து ஒரே ஒரு குண்டு சுட்டு அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். குழல் சூடேறியபின் விழும் மூன்றாவது, நான்காவது குண்டைப் பற்றி எனக்குக் கவலையில்லை.