நடுக்கத்துடனே

நவம்பர் 9, ஞாயிறு, கேத்தி

இன்று ஆராதனையில் இரண்டாம் சங்கீதம் வாசித்தார்கள். "பயத்துடனே கர்த்தரைச் சேவியுங்கள், நடுக்கத்துடனே களிகூருங்கள்." சின்ன வயதிலிருந்து கேட்கிற வசனம், இன்றைக்குத்தான் இடறியது. நடுங்குகிறவன் எப்படிக் களிகூருவான்? நான் அறிந்த தேவபயம் எல்லாம் அம்மா சொல்லி வளர்த்த பயம், பொய் சொன்னால் ஆண்டவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது. அந்தப் பயத்தில் எங்கேயாவது ஒளிந்துகொள்ளத் தோன்றும், பாட்டு வராது.

நவம்பர் 11

ராத்திரி முழுக்க மழை. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் படுத்திருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண்சரிந்து 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், அதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு மழை ராத்திரியில் முழுத் தூக்கம் கிடையாது. மூன்று மணிக்கு மண்வெட்டியோடு போய், வாய்க்காலை அடைத்திருந்த சருகை இழுத்துவிட்டேன், தண்ணீர் குபுகுபுவென்று இறங்கியது. இந்த மலைக்கு அவ்வளவு பயப்படுகிறோம், ஆனாலும் காலையில் பனிமூட்டம் விலகிப் பள்ளத்தாக்கு மொத்தமும் தெரியும்போது வேறு எந்த ஊருக்கும் போக மனசு வராது.

நவம்பர் 14

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அப்பா விட்டுப்போன தேயிலையில் அக்காவுக்குப் பாதி. மூன்று வருஷமாக நோட்டில் கொழுந்துக் கணக்கைக் குறைத்து எழுதித்தான் அவளுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தேன். இன்று அவள் மேட்டுப்பாளையத்திலிருந்து வந்திருந்தாள். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் தட்டிலிருந்து கையை எடுக்காமல், "தெரியும்டா தம்பி, முதல் வருஷமே தெரியும். நீயா வந்து சொல்லுவேன்னுதான் இருந்தேன்" என்றாள். அப்புறம் எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பஸ் ஏறிப் போன பிறகு உடம்பு நடுங்கியது. மாட்டிக்கொள்வோமோ என்று மூன்று வருஷம் பயந்த எனக்கு, இனி இவளை ஏமாற்றிவிடக் கூடாதே என்று முதல் தடவையாகப் பயம் வந்தது. அந்தப் பயத்தோடே வாய்விட்டு அழுதேன், அழும்போதே சந்தோஷமாக இருந்தது, ஏன் என்று அப்போது புரியவில்லை.

நவம்பர் 15

130ஆம் சங்கீதத்தில் இருக்கிறது: "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." எத்தனை தடவை வாசித்திருப்பேன்! மன்னித்துவிட்டால் பயம் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன், இங்கே மன்னிப்புக்குப் பிறகுதான் பயமே வருகிறது. அக்காவிடம் ஒரு மத்தியானம் வந்த பயமே இப்படி என்றால், என் நோட்டு மொத்தத்தையும் ஆரம்பத்திலிருந்தே வாசித்திருக்கிற ஆண்டவர் என்னைத் தள்ளவில்லை என்பதை என்னவென்று சொல்ல. உயிர்த்தெழுந்த காலையில் கல்லறையை விட்டு ஓடிய பெண்களுக்கும் பயம், மகா சந்தோஷம், இரண்டும் சேர்ந்தே இருந்ததாக மத்தேயு எழுதுகிறார். இப்போது புரிகிறது.

நவம்பர் 17

வெயில். கொழுந்து 23 கிலோ. நோட்டில் 23 என்று எழுதும்போது கை லேசாக நடுங்கியது. அக்காவுக்குப் போன் போட்டு எடையைச் சொன்னேன். "சரி, சாப்பிட்டியா?" என்றாள். மாலையில் வாய்க்கால் ஓரமாக நடந்து வரும்போது தன்னாலே பாட்டு வந்தது, வீடு வரைக்கும் பாடிக்கொண்டே வந்தேன்.